பின்வரிசையில் 32 ஆண்டுகள்: சிட்னி சில்வர்மேனும் தூக்குத் தண்டனை விவாதமும்

லங்காஷயர்வாசி எழுதியது:

பத்து வருடமாக இங்கிலாந்தின் லங்காஷயரில், பர்ன்லி பக்கம் குடியிருக்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் நெல்சன் என்ற ஊர் வரும். ஒரு காலத்தில் ஊர் முழுக்கத் தறிச் சத்தம் கேட்ட இடம். கிரிக்கெட் பிரியர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். வெஸ்ட் இண்டீஸின் லியரி கான்ஸ்டன்டைன் 1929 முதல் இந்த ஊர் கிளப்புக்குத்தான் ஆடினார். எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் இன்னொருவர்: 1935-லிருந்து 1968-ல் இறக்கும்வரை நெல்சன்-கோல்ன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சிட்னி சில்வர்மேன். லேபர் கட்சிக்காரர். ஒருநாளும் அமைச்சராக இருந்ததில்லை.

லிவர்பூலில் ஏழை யூதக் குடும்பத்தில் 1895-ல் பிறந்தவர். உதவித்தொகையில் படித்தார். முதல் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று மறுத்ததால் பிரெஸ்டன், வோர்ம்வுட் ஸ்க்ரப்ஸ், பெல்ஃபாஸ்ட் என்று சிறை சிறையாக இரண்டு வருடத்துக்கும் மேல் கழித்தார். அப்புறம் பின்லாந்தில் சில வருடம் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, ஊர் திரும்பி வழக்கறிஞரானார். ஆள் ரொம்பக் குள்ளம். பிற்காலத்தில் வெள்ளைத் தாடி. பேச எழுந்தால் சபை கவனிக்கும்.

பிரிட்டனில் கொலைக்குத் தூக்கு என்பதை ஒழித்த 1965-ம் ஆண்டுச் சட்டம் இவர் கொண்டுவந்த மசோதா. 1948-ல் முதல் முயற்சி, 1955-ல் ஒன்று, 1956-ல் ஒன்று, கடைசியாக 1964-ல். நடுவில் தோற்றது எத்தனையோ முறை. இந்த நான்கு விவாதங்களையும் ஹன்சார்ட் என்ற நாடாளுமன்ற விவாதப் பதிவில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வருகிறேன். சேர்ந்து பேச ஆள் வேண்டும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

குருவிக்கூடு எழுதியது:

அண்ணா, அடிப்படையே எனக்குத் தெரியாது. பின்வரிசை என்றால் என்ன? எதிர்க்கட்சியா?

லங்காஷயர்வாசி எழுதியது:

இல்லை தம்பி. அங்கே இரண்டு பக்கமும் முன்வரிசை பெஞ்சில் உட்காருபவர்கள் அமைச்சர்களும், எதிர்க்கட்சியில் அவர்களுக்கு நேர்மாறாகப் பொறுப்பு வகிப்பவர்களும். பதவி எதுவும் இல்லாத மற்ற எல்லோரும் பின்வரிசை. ஆளும் கட்சியிலும் உண்டு, எதிர்க்கட்சியிலும் உண்டு. கொறடா சொன்னபடி வாக்களிப்பதுதான் பெரும்பாலும் அவர்கள் வேலை. சில்வர்மேன் அந்த விஷயத்தில் சொன்ன பேச்சைக் கேட்காதவர். மேற்கு ஜெர்மனிக்கு மறுபடி ஆயுதம் கொடுப்பதை எதிர்த்ததற்காக 1954-ல் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கினார்கள். 1961-ல் ராணுவச் செலவை எதிர்த்து வாக்களித்தார் என்று மறுபடியும் நீக்கினார்கள். அந்தத் தடவை கூடவே நீக்கப்பட்டவர்களில், பின்னாளில் கட்சித் தலைவரான மைக்கேல் ஃபுட்டும் ஒருவர். 1963-ல்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

பழையபேப்பர் எழுதியது:

நல்ல இழை. தூக்குத் தண்டனைக்கு முன்னால் ஒரு நாளைச் சொல்லிவிட்டு மேலே போகலாம்: 1942 டிசம்பர் 17.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஜெனீவாவிலிருந்து உலக யூத காங்கிரஸின் கெர்ஹார்ட் ரீக்னர் ஒரு தந்தி கொடுத்தார். ஐரோப்பாவின் யூதர்களை மொத்தமாகக் கொன்றுவிட ஹிட்லரின் தலைமையகத்தில் திட்டம் போடுகிறார்கள் என்பது செய்தி. அதை லண்டனில் சில்வர்மேனுக்கும், அமெரிக்காவில் யூதத் தலைவர் ஸ்டீபன் வைஸுக்கும் சேர்ப்பிக்கக் கேட்டிருந்தார். அமெரிக்க வெளியுறவுத் துறை தந்தியை வைஸுக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்தது. பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் ஒன்பது நாள் தயங்கியது, ஆனால் பெறுநர் நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. சில்வர்மேன்தான் அதை வைஸுக்கு அனுப்பிவைத்தார்.

டிசம்பர் 17 அன்று நாடாளுமன்றத்தின் கீழ்சபையான காமன்ஸ் சபையில் சில்வர்மேன் கேள்வி எழுப்பினார். அதற்குப் பதிலாகத்தான் வெளியுறவு அமைச்சர் ஆந்தனி ஈடன் நேச நாடுகளின் கூட்டு அறிக்கையைப் படித்தார். யூதர்கள் கொல்லப்படுவதை உலகுக்கு அதிகாரபூர்வமாகச் சொன்ன அறிக்கை அது. க்ளூஸ் என்ற உறுப்பினர், எழுந்து நின்று மௌனம் காக்கலாமா என்று சபாநாயகரிடம் கேட்டார். சபை தானாக முன்வந்து செய்ய வேண்டிய காரியம் அது என்றார் சபாநாயகர். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

ஒரு பின்வரிசைக்காரரின் ஒற்றைக் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அமைச்சர் எழுந்தே ஆக வேண்டும். இந்த ஆயுதத்தின் கூர்மை அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

வழக்காடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வழக்கறிஞர், அதனால் சட்டம் போட்டவர் யார் என்ற கேள்வியில் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன். 1965 சட்டத்தை சில்வர்மேன் கொண்டுவந்தார் என்பதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம்.

பிரிட்டனில் சபையின் நேரம் அரசின் கையில் இருக்கிறது. அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கு வருடத்தில் சில வெள்ளிக்கிழமைகள்தான். பிடிக்காதவர்கள் எழுந்து பேசிக்கொண்டே இருந்து பொழுதை ஓட்டினால் மசோதா அங்கேயே செத்துப்போகும். சில்வர்மேனின் கடைசி மசோதாவின் இரண்டாம் வாசிப்பு, அதாவது அதன் அடிப்படைக் கொள்கை மீதான விவாதமும் வாக்கெடுப்பும், நடந்த 1964 டிசம்பர் 21 ஒரு திங்கட்கிழமை. அதாவது வில்சனின் லேபர் அரசு தன் நேரத்தைக் கொடுத்தது. அதற்கு முந்தின மாதம் அரசின் திட்டங்களை அறிவிக்கும் அரசியின் உரையிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். லார்ட் சான்சலராக, அதாவது நீதித்துறைக்குப் பொறுப்பான அமைச்சராக, இருந்த ஜெரால்ட் கார்டினர் தூக்கு ஒழிப்புக்காகவே பல வருடம் உழைத்தவர். 355-க்கு 170 என்று நிறைவேறியது. அரசு கதவைத் திறந்தது, சில்வர்மேன் உள்ளே போனார். என் வாசிப்பு இப்படி.

லங்காஷயர்வாசி எழுதியது:

வழக்காடி ஐயா, நீங்கள் சொன்ன ஒவ்வொரு தகவலும் சரி. ஆனால் கதவு அந்த இடத்தில் எப்படி வந்தது என்று பார்க்க 1948-க்குப் போக வேண்டும்.

அட்லியின் லேபர் அரசு குற்றவியல் நீதி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. கசையடி ஒழிப்பு போன்ற சீர்திருத்தமெல்லாம் அதில் இருந்தது. தூக்கை மட்டும் தொடவில்லை. உள்துறை அமைச்சர் சூட்டர் ஈட் இது சமயமில்லை என்றார். சில்வர்மேன் ஒரு திருத்தம் கொடுத்தார்: கொலைக்கான தூக்கை ஐந்து வருடம் நிறுத்திவைத்துப் பார்ப்போம். ஏப்ரல் 14 அன்று வாக்கெடுப்பு. 245-க்கு 222. தன் கட்சி அரசின் அறிவுரைக்கு எதிராக, பதவியில்லாத ஒருவர் சபையைத் தன் பக்கம் இழுத்துவிட்டார்.

சட்டம் முடிவாகும்வரை எல்லா மரண தண்டனைகளையும் குறைக்கப் பரிந்துரைப்பதாக ஈட் அறிவித்தார். ஜூன் மாதம் மேல்சபையான பிரபுக்கள் சபை 181-க்கு 28 என்று திருத்தத்தைத் தூக்கி எறிந்தது. அரசு பின்வாங்கியது. மறுபடி தூக்குமேடை. ஆனாலும் அந்தச் சில வாரங்களில் தண்டனை குறைக்கப்பட்டவர்கள் உயிரோடு இருந்தார்களே! அந்த இடத்தைப் படித்தபோது வெகுநேரம் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை எனக்கு.

பழையபேப்பர் எழுதியது:

அதோடு திமோதி எவன்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1950 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். தன் பெண்குழந்தையைக் கொன்றதாகத் தீர்ப்பு. அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி அதே வீட்டில் கீழே குடியிருந்த ஜான் கிறிஸ்டி. 1953-ல் அந்த வீட்டில் வரிசையாகப் பெண்களின் உடல்கள் கிடைத்தன. கிறிஸ்டியே கொலைகாரன். எவன்ஸின் மனைவியைக் கொன்றதையும் ஒப்புக்கொண்டான். 1948 திருத்தம் பிரபுக்கள் சபையைத் தாண்டியிருந்தால் 1950-ல் எவன்ஸுக்குத் தூக்கு இருந்திருக்காது.

எவன்ஸின் கருணை மனுக் கோப்பில் கையெழுத்திட்டவர் அதே சூட்டர் ஈட். 1955 பிப்ரவரி 10 அன்று தூக்கு பற்றிய விவாதம் வந்தது. சில்வர்மேன் மறுபடியும் ஐந்து வருட நிறுத்தம் கேட்டார். ஈட் அப்போது எதிர்க்கட்சியில். சட்டம் தன் வழியில் போகட்டும் என்று எழுதியது நான்தான் என்று எழுந்து சொன்னார். தன்னால் ஆனதைச் செய்தும், குற்றச்சாட்டின்படி குற்றவாளியல்லாத ஒருவனைத் தூக்குமேடைக்கு அனுப்பிவிட்டோமோ என்ற உணர்வு இனி எந்த உள்துறை அமைச்சருக்கும் வரக்கூடாது என்றார். ஏழு வருடத்துக்கு முன் சில்வர்மேனை எதிர்த்தவர் அன்று அவர் பக்கம் நின்றார். அப்படியும் 245-க்கு 214 என்று தீர்மானம் தோற்றது.

குருவிக்கூடு எழுதியது:

ஐயா, பென்ட்லி வழக்கு என்று ஒன்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதில் இவருக்குப் பங்கு உண்டா?

பழையபேப்பர் எழுதியது:

உண்டு. இந்த இழையில் என் மனதை அதிகம் கனக்கச் செய்வது அதுதான்.

1952 நவம்பர், குரோய்டனில் ஒரு கிடங்கின் கூரை. திருட ஏறிய இருவர்: கிறிஸ்டோபர் கிரெய்க், வயது 16, கையில் துப்பாக்கி. டெரெக் பென்ட்லி, வயது 19, அறிவு வளர்ச்சி குறைந்தவர். கிரெய்க் சுட்டதில் சிட்னி மைல்ஸ் என்ற போலீஸ்காரர் இறந்தார். அப்போது பென்ட்லி ஏற்கெனவே போலீஸ் பிடியில். சுட்டவனுக்கு 18 ஆகாததால் தூக்கு கிடையாது. சுடாதவனுக்குத் தூக்கு. கருணை காட்டும்படி ஜூரிகள் பரிந்துரைத்தும் உள்துறை அமைச்சர் மேக்ஸ்வெல் ஃபைஃப் மறுத்துவிட்டார்.

1953 ஜனவரி 27. மறுநாள் காலை தூக்கு. அமைச்சரின் முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரும் தீர்மானத்தோடு சில்வர்மேன் வந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட்டிருந்தார்கள். சபாநாயகர் மாரிசன் விவாதிக்க அனுமதிக்கவில்லை. மரபுப்படி, தண்டனை நிறைவேறுவதற்கு முன் அதைச் சபையில் பேச முடியாது. நிறைவேறிய பிறகு பேசலாம். அதாவது ஆள் செத்த பிறகு அவன் உயிரைப் பற்றி விவாதிக்கலாம்! சில்வர்மேன் விடாமல் வாதாடினார், வேறு சிலரும் எழுந்தார்கள். பலிக்கவில்லை. 28-ம் தேதி காலை 9 மணிக்கு வாண்ட்ஸ்வொர்த் சிறையில் முடிந்துவிட்டது. 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

தோற்ற விவாதம்தான். ஆனால் மறுநாள் உயிர் போகப்போகிறது என்று தெரிந்தும் முந்தின நாள் வாய்மூடி உட்கார்ந்திருக்க வேண்டிய நிலையைச் சபை முழுவதும் அனுபவித்தது. அதற்குப் பிறகு வந்த வாக்கெடுப்புகளில் அந்த நாள் பலர் மனதில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

தேன்மொழி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று கேட்க வேண்டும் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மக்கள் என்ன நினைத்தார்கள்? அறுபதுகளில் பிரிட்டன் மக்களில் பெரும்பாலோர் தூக்கு வேண்டும் என்றுதான் சொன்னார்கள். சில்வர்மேன் யாருடைய பிரதிநிதி? இரண்டாம் வாசிப்பு நிறைவேறியது 1964 டிசம்பர் 21. ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 26 அன்று, லெஸ்லி ஆன் டவுனி என்ற பத்து வயதுக் குழந்தை மான்செஸ்டரில் ஒரு கண்காட்சியிலிருந்து காணாமல் போனாள். இயன் பிரேடி, மைரா ஹிண்ட்லி செய்த கொலைகளில் ஒன்று. மறு வருடம் அக்டோபரில்தான் அவர்கள் பிடிபட்டார்கள். நவம்பர் 8 அன்று தூக்கு ஒழிப்புச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அந்தக் குழந்தையின் சித்தப்பா பேட்ரிக் டவுனி 1966 தேர்தலில் சில்வர்மேனுக்கு எதிராகவே நெல்சனில் நின்றார். 5000-க்கும் மேல் வாக்கு வாங்கினார். அந்த 5000 பேரின் குரலை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

லங்காஷயர்வாசி எழுதியது:

தேன்மொழி, கோபமே இல்லை. நான் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டியது இது. ஒரு சுயேச்சைக்கு அவ்வளவு வாக்கு என்பது அந்த நாட்டில் பெரிய விஷயம். ஒரு குடும்பத்தின் துயரம் வாக்குச்சீட்டில் வந்து நின்றது. அதை யாரும் சின்னதாக்க முடியாது.

என் பதில் இது. தூக்கு விஷயத்தில் தன் நிலைப்பாட்டை சில்வர்மேன் ஒருநாளும் மறைத்ததில்லை. 1945, 1950, 1951, 1955, 1959, 1964 என்று ஒவ்வொரு தேர்தலிலும் அதே தொகுதி அவரைத் தெரிந்தே அனுப்பியது. டவுனி நின்ற 1966-லும் அவரைத்தான் தேர்ந்தெடுத்தது. அக்கால நாடாளுமன்ற உறுப்பினரும் சிந்தனையாளருமான எட்மண்ட் பர்க் 1774-ல் பிரிஸ்டல் வாக்காளர்களிடம் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: உறுப்பினர் உங்களுக்கு உழைப்பை மட்டும் கடன்படவில்லை, தன் சொந்த முடிவெடுக்கும் அறிவையும் கடன்பட்டிருக்கிறார். உங்கள் கருத்துக்காக அதைப் பலிகொடுத்தால் அவர் செய்வது சேவை ஆகாது. இந்தக் கருத்தை நான் முழுதாக நம்புகிறேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அப்படிச் செய்பவர் திரும்ப வந்து அதே மக்கள் முன் நிற்க வேண்டும். சில்வர்மேன் நின்றார்.

தேன்மொழி எழுதியது:

நின்றார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பர்க் சொன்னது எந்த விஷயத்துக்கும் பொருந்துமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. யோசித்துவிட்டு வருகிறேன்.

வழக்காடி எழுதியது:

1956-ஐ யாரும் தொடவில்லையே. என் தரப்புக்கும் லங்காஷயர்வாசி தரப்புக்கும் நடுவில் நிற்பது அந்த வருடம்தான்.

1955 ஜூலையில், காதலனைச் சுட்டுக்கொன்ற ரூத் எல்லிஸ் என்ற பெண் தூக்கிலிடப்பட்டார். நாடு கலங்கிப்போனது. 1956 பிப்ரவரியில் மனசாட்சிப்படி வாக்களிக்கும் உரிமையோடு காமன்ஸ் 293-க்கு 262 என்று ஒழிப்புக்கு ஆதரவாக முடிவெடுத்தது. ஆட்சியில் இருந்தது ஈடனின் கன்சர்வேடிவ் அரசு! தானே மசோதா கொண்டுவர மனமில்லாமல், சில்வர்மேனின் மசோதாவுக்கு நேரம் கொடுத்தது. ஜூன் 28 அன்று மூன்றாம் வாசிப்பு என்ற இறுதி வாக்கெடுப்பு, 152-க்கு 133. ஜூலை 10 அன்று பிரபுக்கள் சபை 238-க்கு 95 என்று தள்ளியது. வழக்கமாக அந்தப் பக்கம் தலைகாட்டாத கிராமத்துப் பிரபுக்கள் பலர் அன்று வாக்களிக்க லண்டன் வந்தார்கள்.

அடுத்த கூட்டத்தொடரில் காமன்ஸ் மறுபடி நிறைவேற்றியிருந்தால் நாடாளுமன்றச் சட்டப்படி பிரபுக்களை மீறியிருக்கலாம். அதற்கு அரசு மறுபடி நேரம் தர வேண்டும். தரவில்லை. 1957-ல் கொலைச் சட்டம் என்று ஓர் இடைவழியைக் கொண்டுவந்தது. திருடும்போது கொன்றால் தூக்கு. துப்பாக்கியால், வெடிகுண்டால் கொன்றால் தூக்கு. போலீஸ்காரரைக் கொன்றால் தூக்கு. திட்டமிட்டு விஷம் வைத்துக் கொன்றால் தூக்கு கிடையாது! சட்டம் படித்தவனாகச் சொல்கிறேன், இதை எந்த நியாயத்தாலும் தாங்கிப்பிடிக்க முடியாது. குறைபட்ட மனநிலையைத் தற்காப்பாக ஏற்றது மட்டும் அந்தச் சட்டத்தில் நிலைத்த நன்மை.

ஆக, அரசு நேரம் கொடுத்ததும் மறுத்ததும் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்ற என் வாதம் இதில் உறுதிப்படுகிறது. ஆனால் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1956 முழுவதும் பிரிட்டனில் ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. மசோதா சபையில் கிடந்ததுதான் காரணம். சட்டமாகாத மசோதாவே கயிற்றை நிறுத்திவைத்தது. இது சில்வர்மேனின் கணக்கில்தான் சேர வேண்டும்.

லங்காஷயர்வாசி எழுதியது:

நன்றி ஐயா. 1965 பற்றியும் ஒன்று. மார்ச் 5, வெள்ளிக்கிழமை, சபையில் ஆள் குறைவு. மசோதாவைச் சிறு குழுவிலிருந்து எடுத்து முழுச் சபையின் குழுநிலைக்கு மாற்ற வேண்டும் என்று எதிர்த் தரப்பு ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டது. முழுச் சபையில் வரிக்கு வரி பேசினால் நேரம் தீர்ந்துபோகும், மசோதா மடியும். அரசு காலையில் சபையைக் கூட்டி அதற்கு வழி செய்தது. அந்த அமர்வுகளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதில் சொன்னவர் சில்வர்மேன். வயது 69.

முன்னாள் உள்துறை அமைச்சர் ஹென்றி புரூக் ஒரு திருத்தம் சேர்த்தார்: 1970 ஜூலை 31-க்குள் இரு சபைகளும் உறுதிசெய்யாவிட்டால் சட்டம் காலாவதி. புரூக் பதவியில் இருந்தபோதுதான் பிரிட்டனின் கடைசித் தூக்குகள் நடந்தன. 1964 ஆகஸ்ட் 13, லிவர்பூலிலும் மான்செஸ்டரிலும் ஒரே நேரத்தில் இருவர். அவரே சில மாதம் கழித்து சில்வர்மேனின் மசோதாவை ஆதரித்தார். முடிவெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், ஈட், புரூக் என்று ஒவ்வொருவராக மனம் மாறியிருக்கிறார்கள். கருணை மனுக் கோப்பைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு மற்றவர்கள் அறியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது.

பிரபுக்கள் சபையில் பார்பரா வூட்டன் மசோதாவை நடத்தினார். அங்கேயும் இந்தத் தடவை 204-க்கு 104. 1969 டிசம்பரில் இரு சபைகளும் நிரந்தரமாக்கின. காமன்ஸில் 343-க்கு 185. அதைப் பார்க்க சில்வர்மேன் இல்லை. 1968 பிப்ரவரி 9 அன்று இறந்துவிட்டார்.

குருவிக்கூடு எழுதியது:

அவர் இடத்துக்கு யார் வந்தார் அண்ணா?

லங்காஷயர்வாசி எழுதியது:

இடைத்தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சியின் டேவிட் வாடிங்டன் வென்றார். தொழிலில் வழக்கறிஞர், தூக்கு மீண்டும் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர். 1989-ல் உள்துறை அமைச்சரானார்.

1976-ல் அவர் ஒரு கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடினார். இங்கே பக்கத்து ரோச்டேல் பகுதிச் சிறுமி லெஸ்லி மோல்சீட் கொலை வழக்கு. ஸ்டெஃபான் கிஸ்கோ என்ற வரி அலுவலக எழுத்தருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பதினாறு வருடம் சிறையில் இருந்தார். சிறுமியின் உடையில் இருந்த விந்து அவருடையதாக இருக்கவே முடியாது என்று நிரூபணமாகி 1992-ல் விடுதலையானார். உண்மையான கொலைகாரன் டிஎன்ஏ சோதனையால் 2006-ல் பிடிபட்டான். 1965 சட்டம் இல்லையென்றால் கிஸ்கோவை என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய தாய் கடைசிவரை மகன் பக்கம் நின்றார். மகன் வெளியே வந்ததை அந்தத் தாய் கண்ணால் பார்த்தார்.

தேன்மொழி எழுதியது:

நான் டவுனி குடும்பத்தை விட்டுக்கொடுக்கவில்லை அண்ணா. ஆனால் இந்தத் தாயையும் இப்போது என்னால் மறக்க முடியாது. 1955 பிப்ரவரி 10 விவாதத்தை இன்று இரவு படிக்கத் தொடங்குகிறேன், ஈட் பேசிய இடத்திலிருந்து. நாளை வந்து எழுதுகிறேன்.